ஹரோல்டின் எட்டுச்செலவு

1994ஆம் ஆண்டு மே மாதத்து முதலாவது சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு, கனடாவில், வோபர்னில் ஒரு செங்கல் வீட்டு வாசலில் நின்றவர்கள் ஐந்து பேர். சண்முகநாதன். அவருடைய மனைவி இராஜேஸ்வரி. பதினேழு வயது மகள் லக்சிகா. இராஜேஸ்வரியின் தம்பியும் அஜக்ஸில் வீடு வாங்கியவருமான ஸ்ரீஸ்கந்தராசா. வீட்டுக்காரி கிளடிஸ். ஆறாவதாக வானுக்குள் ஒருவர் இருந்ததைத் தான் அன்றே கண்டதாக ஸ்ரீஸ்கந்தராசா பின்னர் சொன்னார். அவர் எதையும் பின்னர்தான் காண்பவர்.

வான் மண் நிறம். கூரையைத் தூக்கி நிறுத்தலாம். உள்ளே மடிக்கும் கட்டில், சின்ன மேசை, இரண்டு காஸ் அடுப்பு, கை கழுவும் தொட்டி. சண்முகநாதன் பார்க்கும் நான்காவது கேம்பர் வான் அது. முதலாவதில் அடுப்புக்குப் பக்கத்திலேயே கக்கூஸ். இரண்டாவதில் நாய் படுத்த மணம். மூன்றாவதின் கூரை எழும்பியது, இறங்க மறுத்தது.

"அத்தான், உது வானோ வீடோ?" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

"வேலை நாளிலை வான். சனி ஞாயிறிலை வீடு."

"சனம் என்ன கதைக்கும் தெரியுமே? சண்முகநாதன் குடும்பம் வானுக்கை குடியிருக்குது எண்டு கதைக்கும்."

"சனம் கதைக்கட்டும். உன்ரை காரிலை ஏறி இறங்கினது காணும்."

சண்முகநாதனுக்கு ரெக்ஸ்டேலில் ஒரு பெட்டித் தொழிற்சாலையில் வேலை. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். ஆனால் வான் தேடியதற்கு அது பாதிக் காரணம். மீதிக் காரணம் இராஜேஸ்வரி. அவர் சுத்த சைவம். கனடாவுக்கு வந்து ஏழு வருடங்களில் வெளிச்சாப்பாட்டில் ஒரு வாய் உண்டதில்லை. மீன், இறைச்சி என்று மச்சம் பட்ட கரண்டி எது, படாத கரண்டி எது என்று தெரியாத இடத்தில் தண்ணீரும் குடியார். காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடையில் போய்த் திரும்பக்கூடிய தூரம்தான் அவருடைய கனடா. நயாகராவை அவர் கலண்டரில் பார்த்திருந்தார். இந்தக் கோடையில் அந்த நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் அவர் தன் அடுப்பில் சமைத்துத் தானே உண்ணவேண்டும் என்பது சண்முகநாதனின் முடிவு. சண்முகநாதன் ஒரு முடிவெடுத்தால் பின்வாங்குகிறவர் அல்லர்.

"ஏன் விற்கிறீர்கள்?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

கிளடிஸ் வானின் கதவைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார்.

"மார்ச் மாதம் என் கணவர் ஹரோல்ட் பாஸ்ட். இந்த ஆசனத்தில் இருந்தபடியே. அதற்குப் பிறகு இது வாசலில் நிற்பதைக் கண்டாலே எனக்கு நிம்மதியில்லை."

"கொங்கிராஜுலேசன்ஸ், மேடம்," என்றார் சண்முகநாதன்.

கிளடிஸ் அவரை நிமிர்ந்து பார்த்தார். "இதற்கு என்னை வாழ்த்தியவர் நீங்கள் ஒருவர்தான்."

"முதல் தடவையிலேயா?"

"முதல் தடவையிலேயே. நாங்கள் ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. அந்த முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அதை என்னால் மறக்க முடியாது."

"என் மகளும் இந்த வாகனத்திலேயே பாஸ் பண்ணவேண்டும். அது என் விருப்பம்."

"இந்தச் சின்னப் பிள்ளையா? இதிலா?" கிளடிஸ் லக்சிகாவின் கன்னத்தைத் தடவினார். லக்சிகா தகப்பனின் காலை மிதித்தாள்.

வான் கிளடிஸின் பெயரில் பதியப்பட்டிருந்தது. கூரை எழும்பியது, இறங்கியது. சண்முகநாதன் கை கொடுத்து வாக்கும் கொடுத்தார்.

ஸ்ரீஸ்கந்தராசாவின் கார் தெருமுனை திரும்ப முன்னரே லக்சிகா வெடித்தாள்.

"ஓ மை கோட், அப்பா! பாஸ்ட் எண்டால் செத்துப்போறது! அந்த லேடியின்ரை ஹஸ்பண்ட் அதுக்கை இருந்து செத்துப்போனார். நீங்கள் கொங்கிராட்ஸ் சொல்லுறீங்கள்! என்னையும் அதுக்கையே சாகட்டாம் எண்டு விஷ் பண்ணுறீங்கள்!"

ஸ்ரீஸ்கந்தராசா சிரித்த சிரிப்பில் காரை ஓரங்கட்டி நிறுத்த வேண்டியதாயிற்று. "முதல் தடவையோ எண்டு கேட்டியளே அத்தான், அதுதான்…"

"பாஸ் எண்டால் பாஸ். ஃபெயிலுக்கு எதிர்ச்சொல்," என்றார் சண்முகநாதன்.

"வைட் பீப்பிள் செத்தது எண்டு சொல்ல மாட்டினம், அப்பா. பாஸ்ட் எண்டுதான் சொல்லுவினம். எங்கடை ஸ்கூல்ல கேட்டுப் பாருங்கோ."

சண்முகநாதனின் ஆங்கிலத்தில் எவரும் குறை காண இடமில்லை. ஊரில் அரசாங்கக் காணிக் கந்தோரில் பதினெட்டு வருடம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவர். ஆனால் அந்தப் பதினெட்டு வருடத்தில் இந்தப் பொருளை ஒருவரும் அவருக்குச் சொன்னதில்லை. அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.

முன் ஆசனத்தில் இருந்த இராஜேஸ்வரி மெல்லத் திரும்பினார். "அப்ப செத்த வீட்டுக்கோ போட்டு வாறம்?"

வீட்டுக்கு வந்ததும் நால்வரும் வரிசையாகத் தலைமுழுகினார்கள். ஸ்ரீஸ்கந்தராசாவும் தப்பவில்லை.

"ஆள் செத்த இடத்திலை இருக்கிற அடுப்பிலை நான் கை வையன். நயாகராவும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். வானை வேண்டாமெண்டு சொல்லுங்கோ," என்றார் இராஜேஸ்வரி, ஈரத்தலையோடு.

"குடுத்த வாக்கை மாத்தேலாது. வான் வரும். செத்த வீட்டுத் துடக்கைக் கழிச்சுத் தாறன்."

அடுத்த சனிக்கிழமை வான் வந்தது.

அன்று பின்னேரமே சண்முகநாதன் ஒரு வாளி மஞ்சள் தண்ணீர் கரைத்து, உள்ளே ஓரிடம் விடாமல் தெளித்தார். ஓட்டுனர் ஆசனத்துக்கு மட்டும் இரண்டு செம்பு கூடுதலாக ஊற்றினார். ஆசனம் வெளிறிய பால் நிறத் துணி. பல வருடம் ஒரே உடம்பு இருந்து இருந்து தேய்ந்த துணி. ஞாயிறு காலை அது காய்ந்தபோது, தேய்ந்த இடம் மட்டும் மஞ்சளைக் குடித்திருந்தது. இரண்டு தோள், முதுகு, இரண்டு தொடை. தலையில்லாத ஒரு மஞ்சள் மனிதன் தெருவைப் பார்த்துக்கொண்டு வானுக்குள் இருந்தான்.

"இதுவரைக்கும் ஆள் தெரியாமல் இருந்தது. இப்ப ஆளைக் கீறிக் காட்டியிருக்கிறியள்," என்றார் இராஜேஸ்வரி யன்னலால் பார்த்து.

சண்முகநாதன் சோப் போட்டுத் தேய்த்தார். மஞ்சள் சிவந்தது. வேறு வழியின்றி ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்து ஆசனத்தை மூடினார். அரை மணி நேரத்தில் முன்வீட்டுச் சீனப் பெண்மணி கதவைத் தட்டினார். வெள்ளைத் துணி போர்த்த ஒருவர் நெடுநேரமாக வானுக்குள் அசையாமல் இருக்கிறார், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை சண்முகநாதன் அந்த விரிப்பின் மேல் இருந்தபடி வேலைக்குப் புறப்பட்டார். வாவியிலிருந்து மூடுபனிப் புகார் ஏறி லோரன்ஸ் வீதியை மூடியிருந்தது. எதிரே அதே மாதிரி ஒரு வான் புகாரைக் கிழித்துக்கொண்டு வந்தது. அதன் சாரதி இவர் பக்கம் பார்த்து இரண்டு விரலை உயர்த்தினான். முன்பின் கண்டறியாத முகம். சற்றுத் தூரத்தில் இன்னொரு வான். அதிலே ஒரு பெண். அவளும் சிரித்து இரண்டு விரலை உயர்த்தினாள். நெடுஞ்சாலைக்கு ஏறமுன் மூன்றாவது. தாடி வளர்த்த ஒரு கிழவர் இரண்டு விரலைக் காட்டிவிட்டு, கிட்ட வந்ததும் சண்முகநாதனின் முகத்தைக் கண்டு, மெல்லக் கையை இறக்கினார்.

அவர்கள் தன்னைப் பார்க்கவில்லை என்பது சண்முகநாதனுக்கு அப்போது விளங்கியது. தன் இடத்தில் இருந்த வேறொருவரைப் பார்த்தார்கள். ரெக்ஸ்டேல் வரை அவர் முதுகைச் சாய்க்காமல் ஓட்டினார்.

இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. ஸ்ரீஸ்கந்தராசாவிடம் தொலைபேசியில் சொன்னார்.

"இரண்டு விரலோ?" ஸ்ரீஸ்கந்தராசாவின் குரல் இறங்கியது. "ஏன் அத்தான் இரண்டு? உள்ளுக்கை இரண்டு பேர் இருக்கினம் எண்டு சொல்லுகினமோ?"

அன்றிரவு சண்முகநாதன் நித்திரை கொள்ளவில்லை.

செவ்வாய் காலை ஐந்தே முக்காலுக்கு வானடிக்குப் போனார். விடிந்திருந்தது. தெருவில் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. வானின் கண்ணாடிகள் எல்லாம் வியர்த்திருந்தன. வெளியே அல்ல, உள்ளே. கையால் துடைத்தார், துடைபடவில்லை. பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தார். முன் ஆசனங்களில் ஒன்று பின்பக்கம் திரும்பியிருந்தது. மடித்து வைத்த மேசை விரிந்திருந்தது. மேசையில் ஈரமாக ஒரு வட்டம், கோப்பை வைத்து எடுத்த அளவில். அடுப்பைத் தொட்டார். சுட்டது.

உள்ளே மெல்லிய தேயிலை மணம். ஒருவர் இப்போதுதான் எழுந்து போன மணம்.

"பிள்ளை, காலமை வானுக்கை போனனீயே?" என்று மகளைக் கேட்டார்.

"ஆர் யூ கிரேசி? அந்தச் செத்த மனிசன்ரை வானுக்கையோ?"

இராஜேஸ்வரியைக் கேட்கவேண்டியதில்லை. அவர் வான் நிற்கும் பக்கத்து யன்னலுக்கே திரை போட்டிருந்தார்.

புதன்கிழமையும் அதே வியர்வை, அதே வட்டம். அன்று பின்னேரம் சண்முகநாதன் பிள்ளையார் படம் ஒன்றை ஓட்டுனர் ஆசனத்துக்கு மேலே ஒட்டினார். அடுப்புக்குப் பக்கத்தில் மூடியுள்ள ஒரு தகரப் பேணி நிறையத் திருநீறு வைத்தார். நாலு கதவுக்கும் திருநீற்றால் மூன்று குறி இழுத்தார். கோயில் வாசலைத் தாண்டாத எதுவும் இனி இந்த வாசலையும் தாண்டாது என்று நம்பிப் படுத்தார்.

வியாழன் காலை பேணி திறந்திருந்தது. அதற்குள் ஒரு தேக்கரண்டி குத்தி நின்றது. மேசையிலிருந்த ஈர வட்டம் அன்று சாம்பல் நிறம்.

சண்முகநாதன் வீட்டுக்குள் வந்து கதிரையில் இருந்தார். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. அது ஏழு வருடத்தில் முதல் தடவை.

"என்ன நடந்தது, இஞ்சேருங்கோ? ஏன் முகம் வெளிறிக்கிடக்கு?"

"திருநீறு," என்றார். "தேத்தண்ணியிலை போட்டுக் குடிச்சிருக்கு."

இராஜேஸ்வரி நெஞ்சில் கை வைத்தார். திருநீற்றைக் கண்டு ஓடும் பேயைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார். கரண்டியால் அள்ளும் பேயைப் பற்றி எவரும் அவருக்குச் சொன்னதில்லை.

அன்று பின்னேரம் ஸ்ரீஸ்கந்தராசா வந்தார். அஜக்ஸிலிருந்து வருகிற வழியில் முழுவதையும் யோசித்து முடித்திருந்தார்.

"அத்தான், அந்த மனிசன் செத்தது அந்த மனிசனுக்கே தெரியாது. அதுதான் பிரச்சினை. ஆர் அவருக்கு எட்டுச் செய்தது? ஆர் படைச்சது? வெள்ளைக்காரர் தாட்டுப்போட்டு சான்ட்விச் சாப்பிட்டுப் போயிடுவினம். செத்தவனுக்குப் பிடிச்சதைச் சமைச்சு இலையிலை வைச்சு, சாப்பிட்டுப் போட்டுப் போ எண்டு சொன்னால்தானே ஆள் வெளிக்கிடும்?"

"எட்டுச்செலவு எண்டால் எட்டாம் நாள் செய்யிறது. அவர் போய் இரண்டு மாசம்."

"எங்கடை வாசலுக்கு வந்து எட்டாம் நாள் எப்ப?"

சண்முகநாதன் விரலில் எண்ணினார். "சனிக்கிழமை."

"பாத்தியளே. தானே நாள் வைச்சிருக்கிறார்."

"ராவிலையல்லோ படைக்கிறது?"

"எனக்குச் சனி பின்னேரம் வேலை, அத்தான். வெள்ளைக்காரர் மத்தியானமும் சாப்பிடுவினம்."

ஹரோல்டுக்குப் பிடித்தது எது என்று கேட்க ஒருவர்தான் உண்டு. வெள்ளிக்கிழமை சண்முகநாதன் கிளடிஸுக்குத் தொலைபேசி எடுத்தார். சேட்டுப் பொத்தானைக் கழுத்து வரை பூட்டிக்கொண்டு, எழுந்து நின்று பேசினார்.

"மேடம், ஹரோல்ட் விரும்பிச் சாப்பிடுவது என்ன? எங்கள் முறைப்படி அவருக்குக் கொடுக்க விரும்புகிறோம். வானுக்குள்ளே வைத்து."

மறுமுனையிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"ஈரல். வெங்காயத்தோடு பொரித்தது. உப்பு மட்டும் ஆகாது." பேனா தேடும் சத்தம் கேட்டது. "எந்த நாள்? எத்தனை மணிக்கு?"

"நாளை பதினொரு மணிக்கு."

"நீங்கள் மிக நல்ல மனிதர்," என்றார் கிளடிஸ். தொலைபேசி வைக்கப்பட்டது.

"உப்பு ஆகாதாம்," என்று சொன்னபோது சண்முகநாதனின் கை மயிர் எழும்பி நின்றது. அன்றும் வந்து பக்கத்தில் நின்ற ஸ்ரீஸ்கந்தராசா தலையாட்டினார். "ஆவியளுக்கு ஆகாதுதான்."

"ஈரலோ?" என்று குசினிக்குள்ளிருந்து இராஜேஸ்வரி வந்தார். "நான் சமைக்க எண்டு வாங்கின வானுக்கை ஈரலோ?"

"அடுப்பிலை படாது. எறியிற தட்டிலை. கடையிலை வாங்கி."

"துடக்குக் கழிக்கிறன் எண்டு சொல்லி மச்சத்தைக் கொண்டுபோய் வைக்கப் போறியள். நல்லாயிருக்கு."

ஆனாலும் சனி காலை இராஜேஸ்வரி தலை தோய்ந்து, சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வடையும் பாயாசமும் செய்து கொடுத்தார். யாராயிருந்தாலும் பசியோடு அனுப்பக்கூடாது என்பது அவருடைய கொள்கை. ஸ்ரீஸ்கந்தராசா ஈரலைக் கொண்டு வந்தார். வானின் மேசையில் வாழையிலை விரித்து, எல்லாவற்றையும் படைத்து, ஈரலைத் தனித்தட்டில் தள்ளி வைத்தார்கள். விளக்கேற்றினார்கள். சாம்பிராணி போட்டார்கள். சண்முகநாதன் ஆங்கிலத்தில், "மிஸ்டர் ஹரோல்ட், தயவுசெய்து சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள்," என்றார். பக்கக் கதவை இழுத்துச் சாத்தினார். இறந்தவர் உண்பதை இருப்பவர் பார்ப்பதில்லை. நால்வரும் வானுக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்து நின்றார்கள்.

காற்று இல்லை. சாம்பிராணிப் புகை தூக்கிய கூரையின் இடுக்கால் கசிந்து, அவர்களின் தலைக்கு மேலே அசையாமல் நின்றது.

பின்னால் எங்கேயோ மெல்லிய கிளிக் என்ற சத்தம்.

வான் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது. ஒருவர் ஏறினால் எப்படிச் சாயுமோ அப்படி.

"மாமா," என்று லக்சிகா முணுமுணுத்தாள். "நீங்களோ ஆட்டுறது?"

"நான் உனக்குப் பக்கத்திலை நிக்கிறன், பிள்ளை." ஸ்ரீஸ்கந்தராசாவின் குரல் அவருடையதாக இல்லை.

தட்டில் முள்ளுக்கரண்டி உரசும் சத்தம் கேட்டது. நிதானமாக, இடைவெளி விட்டு. பிறகு இருமல். பிறகு மீண்டும் முள்ளுக்கரண்டி. இராஜேஸ்வரி கணவனின் கையைப் பிடித்தார். வெளியில் வைத்து அவர் அப்படிப் பிடித்தது அதுவே முதல் தடவை.

பிறகு வானுக்குள்ளிருந்து ஒரு கிழக் குரல் ஆங்கிலத்தில் கேட்டது.

"என்னவாம்?" என்றார் இராஜேஸ்வரி, உதடு அசையாமல்.

சண்முகநாதன் சுவரைப் பார்த்தபடியே மொழிபெயர்த்தார். "பாணும் பட்டரும் இருக்கோ எண்டு கேக்கிறார்."

ஸ்ரீஸ்கந்தராசா ஓடினார். கார்ச் சாவி கையில் இருந்ததும், கார் வேறு திசையில் நின்றதும் அவருக்கு நினைவில் இல்லை. லக்சிகாதான் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு, கதவை இழுத்தாள்.

புகைக்கு நடுவே நெட்டையான ஒரு வெள்ளைக் கிழவர், கழுத்தில் கைக்குட்டையைச் சொருகிக்கொண்டு இருந்தார். ஈரல் முடிந்திருந்தது. வடை ஒன்று கையில் இருந்தது.

"நடுவில் ஓட்டை விட்டுப்போன டோனட்," என்றார் வடையைக் காட்டி. "ஆனால் அருமை. என் பழைய சாவியால் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து வந்தேன், மன்னிக்கவேண்டும். காலைகளில் வருவதற்கும் மன்னிக்கவேண்டும். மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறேன். பன்னிரண்டு வருடமாக என் காலைத் தேநீர் இதற்குள்தான். கிளடிஸ் எழும்ப முன்னர் இரண்டு கரண்டி சீனியோடு. உங்கள் பால்மா மட்டும் சரியில்லை. சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது."

லக்சிகா கண்ணைத் திறந்தாள்.

"இன்னொன்று. இந்த மாதிரி வான் ஓட்டுகிறவர்கள் ஒருவரை ஒருவர் கண்டால் இரண்டு விரல் காட்டுவது மரியாதை. வாங்கினவர் பதிலுக்குக் காட்டுவதில்லை என்று எனக்கு மூன்று பேர் தொலைபேசி எடுத்துக் குறை சொல்லிவிட்டார்கள்."

மரியாதை தெரியாதவர் என்று சண்முகநாதனை அதுவரை எவரும் சொன்னதில்லை. பயம் போய் அவருக்கு முகம் சிவந்தது.

"பட்… யூ பாஸ்ட்," என்றாள் லக்சிகா.

"பாஸ்ட்!" என்றார் ஹரோல்ட், நெஞ்சை நிமிர்த்தி.

நடைபாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. கிளடிஸ் மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தார். "சாப்பாடு கொடுத்தது போதும்! தயவுசெய்து ஓட மட்டும் கொடுத்துவிடாதீர்கள்! எண்பது வயதானால் வருடாவருடம் லைசென்ஸுக்கு ஓட்டிக் காட்டவேண்டும். கண் தெரியாது, காது கேட்காது, கட்டாயம் ஃபெயில் என்று நானும் பிள்ளைகளும் நிம்மதியாக இருந்தோம். மனிசன் பாஸ் பண்ணிவிட்டார்! அவர் மீன் பிடிக்கப் போன நேரம் பார்த்து விற்றுத் தள்ளாமல் நான் வேறு என்ன செய்வது?"

சண்முகநாதன் மகளைப் பார்த்தார். காணிக் கந்தோரில் பதினெட்டு வருடம் இருந்தவர் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. லக்சிகா நிலத்தைப் பார்த்தாள்.

"என்ன சொல்லுகினம்?" என்றார் இராஜேஸ்வரி.

"ஆள் சாகேல்லை. சோதினை பாஸ்."

"அப்ப துடக்கு இல்லை?"

"இல்லை."

இராஜேஸ்வரி ஈரல் இருந்த தட்டை எட்டிப் பார்த்தார். வழித்துத் துடைத்திருந்தது. "அந்தத் தட்டை வெளியிலை எறியச் சொல்லுங்கோ. கையை வெளியிலை இருக்கிற பைப்பிலை அலம்பச் சொல்லுங்கோ." பிறகு, செருப்பைக் கழற்றிவிட்டு வானுக்குள் ஏறினார். "உந்த அடுப்பு எப்பிடிப் பத்துறது எண்டும் ஒருக்காக் கேளுங்கோ."

ஜூன் மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, நயாகராவில், நீர்த்தூவல் படாத தூரத்தில் வானை நிறுத்தி, இராஜேஸ்வரி புட்டு அவித்து, கத்தரிக்காய்க் கறியும் வைத்து, உட்கார்ந்து சாப்பிட்டார். போகும் வழியில் சண்முகநாதன் பதினொரு பேருக்கு இரண்டு விரல் காட்டினார்.

உயிரோடு இருந்த வெள்ளைக்காரர் ஒருவருக்குச் சண்முகநாதன் குடும்பம் அந்தியேட்டி செய்தது என்று அஜக்ஸ் முதல் ரெக்ஸ்டேல் வரை ஒரு கதை உலாவுகிறது. அது முழுப் பொய். அந்தியேட்டி முப்பத்தோராம் நாள், ஐயரைக் கொண்டு செய்வது. அங்கே நடந்தது எட்டுச்செலவு மட்டும்.